மேற்குச் சரிவின் திருட்டுப் பாதை

மேஸ்திரியம்மாவுக்கு மனுஷங்களைக் கண்டாலே ஆகாது என்று பூங்காவில் பேசிக்கொள்வார்கள். அது முழு உண்மை இல்லை. மனிதர்கள் அவரவர் வீட்டில் இருக்கிறவரை அவளுக்கு யார் மேலும் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அவர்கள் பூங்காவுக்குள் கால் வைத்த பிறகுதான் வினை.

ஊரின் ஓரத்தில் ஒரு குன்று, அதுதான் பூங்கா. உச்சியில் குடிநீர்த் தொட்டி, சுற்றிலும் மரங்கள், அடிவாரத்தில் வண்டி நிறுத்துமிடம், பக்கத்தில் தகரக் கூரை போட்ட கருவிக் கொட்டகை. இருபது வயதில் களை பிடுங்கும் தினக்கூலியாக அங்கே சேர்ந்தவள், ஐம்பத்திரண்டில் பதினோரு பேரை வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்தாள். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் எந்த மழைக்கு எந்த இடத்தில் மண் அரிக்கும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மழை வலுத்தால் ஆட்கள் கொட்டகைக்குள் ஓடுவார்கள். அவள் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவாள். ஓடுகிற தண்ணீரின் பின்னாலேயே அடிவாரம் வரை போவாள். அது எங்கே தயங்குகிறது, எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே தோண்டுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் மண்வெட்டியோடு வந்து அதற்கு வேறு வழி காட்டுவாள். இதைச் செய்வதற்கென்றே துறையில் ஒரு பொறியாளர் இருந்தார். அவர் அந்தக் குன்றைக் காகிதத்தில் பார்த்திருந்தார்.

கிழக்குச் சரிவில் இருநூற்றுப் பன்னிரண்டு கல்படிகள் உண்டு. மூன்று வருஷம் பாடுபட்டு அவளும் இரண்டு ஆட்களும் போட்டவை. காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அந்தப் படியில் ஏற மாட்டார்கள். முட்டி வலிக்குமாம். படிக்குப் பக்கத்துப் புல்லில் ஏறுவார்கள். பத்து வருஷத்தில் அங்கே மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு ஒரு சேற்றுப் பாதை விழுந்துவிட்டது. படியில் பாசி படர்ந்தது. நல்ல படியாகப் போட்டுக் கொடுத்தால் நடக்கத் தெரியவில்லை, இவர்களுக்கெல்லாம் எதற்குக் கால் என்று அவள் கொட்டகையில் உட்கார்ந்து முணுமுணுப்பாள்.

அந்த நடையர்களுக்கு ஒரு சங்கம் வேறு இருந்தது. அதன் செயலாளர் அவளுடைய கொழுந்தன், புருஷனின் தம்பி. பார்சல் அலுவலகத்தில் முப்பது வருஷம் பொட்டலம் கட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு கட்ட எதுவும் இல்லாமல், மனு எழுத ஆரம்பித்தான். குப்பைத் தொட்டியின் நிறம் பற்றி ஒரு மனு, நாய்கள் குரைப்பது பற்றி ஒரு மனு, பெஞ்சு காலையில் ஈரமாக இருப்பது பற்றி ஒரு மனு. எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி. ஒன்றைத் துறைக்கு அனுப்புவான், ஒன்றை வைத்துக்கொள்வான், மூன்றாவதை ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கொடுப்பான். அண்ணி அதைச் சமையலறை மேடையில் எண்ணெய்ப் பாட்டிலுக்கு அடியில் விரிப்பாள்.

சைக்கிள்காரர்கள் வந்தது இதற்கெல்லாம் பிறகுதான்.

முதலில் அவள் அவர்களை வண்டி நிறுத்துமிடத்தில்தான் பார்த்தாள். நாற்பது தாண்டிய ஆண்கள். உடம்போடு ஒட்டின பச்சை, ஆரஞ்சு உடுப்பு, முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம், கண்ணுக்குப் பூச்சியின் கண் மாதிரி ஒரு கண்ணாடி. சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். மிதிக்கிறதுக்காக வாங்கின வண்டியை மிதிக்கிற இடம் வரைக்கும் சுமந்துகொண்டு வருகிறவனை எதில் சேர்ப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. பூங்காவில் சைக்கிளுக்கு அனுமதி தார்ச்சாலையில் மட்டும். இவர்கள் தார்ச்சாலையில் உச்சிக்கு ஏறினார்கள். அப்புறம் காணாமல் போய், கால் மணி நேரத்தில் சேறும் சிரிப்புமாக மேற்குப் பக்கம் அடிவாரத்தில் முளைத்தார்கள்.

அவள் தேடிப் போனாள். தொட்டிக்குப் பின்னால், மேற்குச் சரிவின் அடர்ந்த மரங்களுக்குள், ஒரு முழ அகலத்தில் ஒரு பாதை வளைந்து வளைந்து இறங்கியது. நடுநடுவே மண்ணைக் குவித்துத் திமில் மாதிரி மேடுகள். யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை, இவர்களே வெட்டிக்கொண்டார்கள். அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே மேடுகளை இடித்து, வெட்டின கிளைகளைக் குறுக்கே போட்டுப் பாதையை அடைத்தாள். பத்து நாளில் கிளைகள் ஓரமாக அடுக்கப்பட்டிருந்தன, மேடுகள் முன்னைவிட உயரமாக நின்றன. மறுபடி இடித்தாள். மறுபடி கட்டினார்கள். இந்தக் கூத்து இரண்டு வருஷம் நடந்தது.

பூங்காத் துறை அதிகாரி சொத்து வரிப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர். எந்த வியாதிக்கும் அவரிடம் இருந்தது ஒரே மருந்து, பலகை. மேற்குச் சரிவில் பாதை தொடங்கும் இடத்தைச் சரியாகத் தேடிப் பிடித்து, 'இவ்வழியே சைக்கிள் ஓட்டக் கூடாது' என்று பெரிய எழுத்தில் ஒன்று நட்டார். அதுவரை வழி தெரியாமல் இருந்த சைக்கிள்காரர்களுக்கும் அன்று வழி தெரிந்துபோனது.

சங்கம் சும்மா இருக்குமா? நடக்கிறவர்களின் உயிருக்கு ஆபத்து என்று கொழுந்தன் மனு மேல் மனு போட்டான். மேற்குச் சரிவில் நடந்துபோகிற நடையர் ஒருவர்கூடக் கிடையாது. இருந்தாலும் அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். ஒரு பக்கம் கைத்தடிகள், ஒரு பக்கம் ஆரஞ்சு உடுப்புகள். இரண்டு மணி நேரம் இயற்கையைப் பற்றியே பேசினார்கள். சைக்கிள்காரர்கள் தரப்பில் பேசியவர் ஒரு பல் டாக்டர். மெதுவாக, இனிமையாக, வாயைத் திற என்று சொல்கிற குரலில் பேசினார். கொழுந்தன் கண்ணீர் விட்டான். கடைசியில் அதிகாரி மேஸ்திரியம்மா பக்கம் திரும்பி, நீங்க ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார். "மேற்குப் பக்கத்துல சைக்கிளால மண்ணு போகுது. கிழக்குப் பக்கத்துல அதைவிட நாலு மடங்கு இவங்க காலால போகுது" என்று அவள் சங்கத்தைக் காட்டினாள். அதிகாரி நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பழைய மனுவே போதும் என்று அவள் இருந்துவிட்டாள்.

அந்த வருஷம் மழை வெளுத்து வாங்கியது. மூன்று நாள் விடாமல் பெய்ததில், பொறியாளர் தெற்குச் சரிவில் போட்டிருந்த சிமென்ட் நடைபாதை அடியோடு பெயர்ந்து, துண்டு துண்டாக வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தது. கிழக்கே நடையர்களின் சேற்றுப் பாதை ஓடையாக ஓடியது. அப்போ மேற்குச் சரிவு என்ன கதியோ என்று மேஸ்திரியம்மா மழையிலேயே போய்ப் பார்த்தாள்.

பாதை அப்படியே இருந்தது. ஒரு பிடி மண் நகரவில்லை.

அவளால் நம்ப முடியவில்லை. மேலிருந்து கீழே நடந்தாள். பத்துப் பதினைந்து அடிக்கு ஒருமுறை பாதை லேசாகப் பள்ளம் விழுந்து மறுபடி ஏறியது. அந்தப் பள்ளத்துக்கு வந்த தண்ணீர் மேற்கொண்டு இறங்க வழி இல்லாமல் பக்கவாட்டில் வழிந்து புல்லுக்குள் போய்விட்டது. வெளிப்புற விளிம்பு உட்புறத்தைவிட ஒரு விரல் தாழ்வாக இருந்தது. திருப்பங்களில் கையகலக் கற்களை ஒன்றோடொன்று பல் பிடித்த மாதிரி அடுக்கியிருந்தார்கள். அவள் இத்தனை வருஷம் துறையிடம் கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போன அதே விஷயம். அதை எந்த நாயோ திருட்டுத்தனமாக வந்து சுத்தமாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறது.

மோசமாகச் செய்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அன்று எதையும் இடிக்காமல் திரும்பினாள், திரும்பினதற்காக வழி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் கையும் களவுமாகப் பிடித்தாள். பல் டாக்டர். ஆரஞ்சு உடுப்பு இல்லை. பழைய கால்சட்டை, கையில் மண்வெட்டி. அவளைக் கண்டதும் ஓடாமல் நின்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மேடம், விளக்கமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். மேடம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பல் கூசும்.

"இதை யார் போட்டது?"

"நான்தான். வாரத்துல ரெண்டு காலை வருவேன். புத்தகம் பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"பொது இடம்னு தெரியுமா?"

"தெரியும். கேட்டா கிடைக்காதுன்னும் தெரியும்."

"உங்க நாற்காலியில நான் வந்து உக்காந்து ஒருத்தனுக்குப் பல்லைப் பிடுங்கினா ஒத்துக்குவீங்களா? நல்லாத்தான் பிடுங்கினேன்னு சொன்னா?"

அவள் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். நாலு அடி போனவள், சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னாள்: "மூணாவது திருப்பத்துல வேருக்கு மேல தண்ணி விழுது. ரெண்டு மழையில மரம் சாயும். கல்லை அரை அடி கீழே தள்ளிப் போட்டிருக்கணும்."

பத்து நாள் கழித்துப் பார்த்தபோது கல் அரை அடி கீழே தள்ளியிருந்தது. புது மண்வெட்டி வாங்கியிருப்பான், காசுக்கா பஞ்சம் என்று அவள் காறித் துப்பினாள்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மேற்குச் சரிவுக்குள் ஓடிய நாயைத் தேடிப் போன ஒருவர் பல் டாக்டரைக் கண்டெடுத்தார். இரண்டு மரங்களுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி கட்டியிருந்தது. வேகமாக இறங்கி வந்த சைக்கிள் அங்கேயே நின்றுவிட்டது, டாக்டர் நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பும் வலது மணிக்கட்டும் போயிற்று. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. பல் பார்க்கிற கை.

மேஸ்திரியம்மா போய்ச் சேரும்போது போலீஸ்காரர் கம்பியை இன்னும் அவிழ்க்கவில்லை. பச்சைப் பூச்சு போட்ட மெல்லிய கம்பி. கன்றுகளைக் குச்சியோடு சேர்த்துக் கட்ட அவளுடைய கொட்டகையில் சுருள் சுருளாகக் கிடப்பது. சுற்றி நின்ற எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். இரண்டு வருஷமாக அந்தப் பாதையை இடித்தது யார்? கிளை வெட்டிப் போட்டது யார்? போன மாதம் டாக்டரிடம் மண்வெட்டியைப் பிடுங்கினது யார்? அதிகாரி அவளைத் தனியாகக் கூட்டிப்போய், பதற வேண்டாம், நாலு நாள் லீவு போடுங்கள் என்றார்.

அவள் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்று முறுக்கு முறுக்கி, முனையை உள்பக்கமாக மடித்துச் செருகியிருந்தது. எடுக்கிறவன் கையில் கீறிவிடக் கூடாதே என்பதற்காகப் பொட்டலக்காரர்கள் செய்கிற மடிப்பு. உலகத்தில் எத்தனையோ பேர் அப்படிக் கட்டுவார்கள். ஆனால் பத்து நாளுக்கு முன் கொட்டகைக்கு வந்து, பால்கனிக் கொடிக்கு வேணும் அண்ணி, ஒரு பத்தடி கொடுங்க என்று வாங்கிக்கொண்டு போனவன் ஒருவன்தான். அவளே அளந்து வெட்டிக் கொடுத்தாள்.

அங்கிருந்து நேரே அவன் குடியிருப்புக்குப் போனாள். மூன்றாவது மாடி. பால்கனிக் கதவு திறந்திருந்தது. அங்கே கொடியும் இல்லை, தொட்டியும் இல்லை. கொழுந்தன் மேஜை முன்னால் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, உக்காருங்க."

"கம்பி எங்க?"

அவன் ஒரேயடியாகக் கொட்டினான். யாரும் எதையும் கேட்கவில்லை என்றான். நாற்பத்தேழு மனு போட்டும் ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்றான். அந்தக் கூட்டத்தில் அண்ணியே தன்னைத் தலைகுனிய வைத்ததாகச் சொன்னான். எல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"விழட்டும்னுதான் நினைச்சேன் அண்ணி. உடையணும்னு நினைக்கல."

அவள் அவனையே பார்த்தாள். தேங்காயை மாடியிலிருந்து போட்டுவிட்டு உடையக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறவனை என்ன செய்வது? இருபத்தெட்டு வருஷமாக மரியாதையாக 'நீங்க' போட்டுப் பேசியவள், அன்று முதல் தடவையாக அதை விட்டாள்.

"ஒரு ஆளை விழவைக்கக் கம்பி கட்டுறே. கட்டிட்டு, கழட்டுறவன் கையில கீறிடுமேன்னு முனையை மடிச்சு வைக்கிறே. உனக்கு எதுக்குடா இந்த வேலை?"

அவன் அழுதான். அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் ரொட்டிக் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவர். விடியுமுன் போய் மத்தியானம் வந்து படுப்பவர். சண்டை என்றால் வண்டியை வேறு தெருவில் திருப்புகிற ஜாதி. தட்டைத் தள்ளி வைத்தார்.

"அவன் எனக்கு ஒரே தம்பி."

"தெரியும்."

"யாரு கட்டினான்னு தெரியாமலே போகட்டுமே. உன் மேலயும் நிரூபிக்க முடியாதில்ல."

இதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த மனுஷனோடு இருபத்தெட்டு வருஷம் ஒரே கூரையில் இருந்திருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது. தம்பி வாழ, பெண்டாட்டி பேர் நாறினால் பரவாயில்லை. அதையும் அவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார்.

திங்கட்கிழமை அதிகாரி வரச் சொன்னார். அறையில் மூலையெல்லாம் நடாத பலகைகள் சாய்ந்து நின்றன. அவர் பூசி மெழுகிப் பேசினார். விசாரணை என்று வந்தால் துறைக்குக் கெட்ட பெயர். கம்பி கொட்டகைக் கம்பிதான் என்பது தெரிந்துவிட்டது. உடல்நிலை காரணம் என்று எழுதிக் கொடுத்து அவளே முன்கூட்டி ஓய்வு வாங்கிக்கொண்டால் மேற்கொண்டு யாரும் கிளற மாட்டார்கள். ஒரு தாளைக்கூடத் தயாராக வைத்திருந்தார். அவள் அதை எடுத்து முழுக்கப் படித்தாள். தனக்கு முதுகுத்தண்டில் ஒரு நோய் இருப்பதாக அதிலிருந்துதான் அவளுக்குத் தெரிய வந்தது.

தாளை மேஜையில் வைத்துவிட்டு நேராகப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தாள். கம்பியை யாருக்கு, என்றைக்கு, எத்தனை அடி கொடுத்தேன், முடிச்சு யார் முடிச்சு, அவன் வாயால் என்ன சொன்னான், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எழுதிக்கொண்ட போலீஸ்காரர், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். புருஷனோட தம்பி என்றாள். அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "எழுதுங்க" என்றாள்.

கொழுந்தன் மறுக்கவில்லை. அதுவரைக்கும் அவனுக்கு ஒரு மார்க் போடலாம். வழக்கு அந்த வருஷக் கடைசியில் முடிந்தது. டாக்டரின் மருத்துவச் செலவும் ஒரு அபராதமும் கட்டச் சொன்னார்கள். அதோடு நூற்றிருபது மணி நேரம் பூங்காவில் பொது வேலை. அதிகாரி ஆளை மேஸ்திரியம்மாவிடமே அனுப்பப் பார்த்தார். எனக்கு வேலை தெரிஞ்ச ஆள்தான் வேணும் என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அவன் வண்டி நிறுத்துமிடத்தில் காகிதம் பொறுக்கினான். சங்கத்து ஆட்கள் பத்து வருஷம் கூட நடந்தவனைக் கண்டும் காணாதவர்கள் மாதிரி, படிக்குப் பக்கத்துப் புல்லில் ஏறிப் போனார்கள்.

பல் டாக்டர் ஐந்து மாதம் கட்டோடு இருந்தார். ஒருநாள் கொட்டகைக்கு வந்து, முதல் நாளிலிருந்தே நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும் மேடம் என்றார். தெரிந்த ஆள் அதை அன்றைக்கே போலீஸிடம் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். டாக்டர் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார். அவள் களைக்கொத்தியைத் தீட்டுவதைத் தொடர்ந்தாள்.

விஷயம் பத்திரிகையில் வந்துவிட்டதால் அதிகாரிக்கு ஏதாவது செய்தாக வேண்டிய கட்டாயம். திருட்டுப் பாதையைத் துறைப் பாதை ஆக்கினார். ஒப்பந்தக்காரர் இயந்திரத்தோடு வந்து அதை மூன்று மடங்கு அகலப்படுத்தி, பள்ளங்களையெல்லாம் தூர்த்து, வழவழவென்று ஒரே சரிவாக இழுத்துவிட்டார். ரிப்பன் வெட்டினார்கள். டாக்டர் இடது கையால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அதிகாரியின் தொலைநோக்கைப் புகழ்ந்தார். புதுப் பலகை ஒன்று நின்றது. முதல் மழையில் பாதை ஆள் உயரப் பள்ளமாகப் போனது. பலகை மட்டும் நின்றது.

அப்புறம்தான் அதிகாரிக்கு மேஸ்திரியம்மாவின் ஞாபகம் வந்தது. கொட்டகைக்கே வந்தார். முதன்முறையாக அவர் செருப்பில் சேறு ஒட்டியிருந்ததை அவள் கவனித்தாள். செய்து தருகிறேன், ஆனால் ஒப்பந்தக்காரரோ பொறியாளரோ மேற்குச் சரிவில் கால் வைக்கக் கூடாது, அதை எழுதிக் கொடுங்கள் என்றாள். அவர் கொட்டகையிலேயே ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்.

ஒன்பது வாரம் ஆயிற்று. பழைய வளைவுகளில் பாதியை அப்படியே எடுத்துக்கொண்டாள். மீதியை மாற்றினாள். டாக்டரின் வேலையில் இரண்டு பிழைகள் இருந்தன என்பதைக் கண்டுபிடித்த நாளில் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். அவர் ஒருநாள் வந்து, கீழ்த் திருப்பம் கொஞ்சம் செங்குத்தாக இருக்கிறதே என்றார். பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள் என்றாள். அவரால் வலது கையை இன்னும் முழுசாக மடக்க முடியவில்லை. அதை அவள் கண் ஓரத்தில் பார்த்துவிட்டு, மறுநாள் அந்தத் திருப்பத்தை அரை அடி தணித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அவள் போலீஸ் நிலையத்துக்குப் போன நாளிலிருந்து புருஷன் வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பாதை முடிந்த வாரம், மத்தியானம் வந்து படுக்காமல் சமையலறை வாசலில் நின்றார்.

"தம்பி கூப்பிட்டான். ஞாயித்துக்கிழமை வரலாமான்னு கேக்குறான்."

"வரட்டும். காபி போட்டுத் தரேன். பேச மாட்டேன்."

"சரின்னு சொல்லவா?"

"சொன்னதைச் சொல்லுங்க."

கொழுந்தன் வந்தான். மெலிந்திருந்தான், கையில் காகிதம் எதுவும் இல்லை. அவள் காபி போட்டு முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். அண்ணனும் தம்பியும் ரொட்டி வண்டியின் கிளட்ச் பற்றிப் பேசினார்கள். காபி நன்றாக இருக்கிறது அண்ணி என்று அவன் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் அவள் பீன்ஸின் நாரை உரித்தாள்.